திருக்கடையூர் அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிறீர்களா? பார்க்கவும் சாப்பிடவும் ஒரு வழிகாட்டி

வெளியூர்க் கல்யாணம் என்றதும் இப்போது எல்லோருக்கும் உதய்ப்பூர் அரண்மனையும் கோவா கடற்கரையும்தான் ஞாபகம் வருகிறது. நம் வீடுகளில் பல காலமாக உறவுக்கூட்டம் மொத்தமும் வேன் பிடித்துப் போய் நடத்தும் வெளியூர்க் கல்யாணம் ஒன்று உண்டு. அது திருக்கடையூரில் பிள்ளைகள் சேர்ந்து அம்மா அப்பாவுக்குச் செய்துவைக்கும் அறுபதாம் கல்யாணம்.

இங்கே வரும் விருந்தாளிகளில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். முந்தின நாள் இரவு வந்து இறங்குவார்கள். விடியற்காலையில் எழுந்து குளித்துக் கோயிலுக்கு ஓடுவார்கள். மதியம் இலையில் உட்கார்ந்து எழுந்ததும் இரண்டு மணிக்கு வேனில் ஏறிவிடுவார்கள். பத்து கிலோமீட்டருக்குள் கடலும், 400 வருடக் கோட்டையும், நல்ல மீனும் இருப்பது தெரியாமலே திரும்பிப் போகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். முதல் தடவை போகிறவர்கள் அப்படித் திரும்பக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பத்திரிகை கைக்கு வந்ததும்

முதலில் என்ன விசேஷம் என்று பாருங்கள். எல்லாமே 'அறுபதாம் கல்யாணம்' இல்லை. 59 முடிந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. 60 நிறைந்ததும் செய்வதுதான் சஷ்டியப்த பூர்த்தி, அதாவது மணிவிழா. 70-இல் பீமரத சாந்தி. 80 கடந்து ஆயிரம் பிறை கண்டவர்களுக்குச் சதாபிஷேகம். இதைத் தெரிந்துகொள்வதில் நடைமுறைப் பயன் உண்டு. சதாபிஷேகம் என்றால் விழா நாயகர்களும் அவர்கள் வயதுச் சொந்தக்காரர்களும் எண்பதை ஒட்டியவர்கள். அன்றைய நாள் மெதுவாகத்தான் நகரும், சுற்றிப் பார்க்கும் திட்டத்தையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தேதி. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 வருடத்துக்கு ஒரு முறை சுற்றி வரும். பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வரும்போது, அதே தமிழ் மாதத்தில், அதே நட்சத்திரத்தில் மணிவிழா செய்வது வழக்கம். ஆகவே நாள் புதன்கிழமையிலும் விழும், வியாழக்கிழமையிலும் விழும். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள், லீவு போட்டுவிடுங்கள். மற்றக் கல்யாணங்கள் நடக்காத ஆடியிலும் மார்கழியிலும்கூட இங்கே ஹோமப் புகை ஓயாது. மார்க்கண்டேயருக்காக யமனையே சிவன் உதைத்த தலம் இது என்பதால் நாள் பார்க்கத் தேவையில்லை என்பது நம்பிக்கை.

அறையை உடனே பதிவு செய்யுங்கள். ஊர் சின்னது. சன்னதித் தெருவிலும் அதைச் சுற்றியும் விடுதிகளும் மண்டபங்களும் இருக்கின்றன என்றாலும், நல்ல நட்சத்திர நாளில் எல்லாம் நிரம்பிவிடும். இடம் கிடைக்காவிட்டால் மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ தங்கலாம். இரண்டுமே சுமார் 20 கிலோமீட்டர் தூரம். தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த மாதிரி தங்கவும் இடம் உண்டு. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து கிளம்பத் தயார் என்றால் அதுதான் என் முதல் தேர்வு.

கார்த்திகைச் சோமவாரங்களில் சங்காபிஷேகத்துக்குக் கூட்டம் வரும். தை அமாவாசை அன்று சொல்லவே வேண்டாம். உங்கள் வீட்டு விசேஷம் அந்த நாட்களில் விழுந்தால், முந்தின நாள் மதியமே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழையும் கூடவே வரும். குடை வேண்டும், இன்னொரு செட் உடுப்பும் வேண்டும்.

போய்ச் சேர்வது

ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறைச் சந்திப்பில் இறங்க வேண்டும். சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம் வழியாகத் தஞ்சாவூர் பக்கம் போகும் ரயில்கள் இங்கே நிற்கும். அங்கிருந்து பேருந்தோ காரோ பிடித்தால் முக்கால் மணி நேரம். சாலை வழியாக வந்தால் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, ஆக்கூர் என்று நேராக வந்துவிடலாம். சென்னையிலிருந்து சிதம்பரம் தாண்டி நாகப்பட்டினம் வரை போகும் பேருந்துகளில் பலவும் இந்தச் சாலையில்தான் போகும். ஏறும்போதே திருக்கடையூரில் நிற்குமா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

இரவுச் சாப்பாட்டை வழியிலேயே முடித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும்.

விசேஷத்தன்று காலை

முதல் தடவை வருகிறவர்களுக்குத் திகைப்பு தருவது இந்த நேரம்தான். கோயிலுக்குள் உங்கள் கல்யாணம் மட்டும் நடப்பதில்லை. தூணுக்குத் தூண் ஒரு குடும்பம், ஒரு ஹோமகுண்டம், ஒரு நாதஸ்வரம். "சித்தப்பா, நம்ம கூட்டம் எந்தப் பக்கம்?" என்று போனில் கேட்டால், அந்த மேளச் சத்தத்தில் பதில் காதில் விழாது. முந்தின நாள் மாலையே ஒரு நடை போய், நம் குடும்பத்துக்கு ஒதுக்கிய இடம் எந்த மண்டபத்தில், எந்தத் தூணுக்குப் பக்கத்தில் என்று பார்த்து வைத்துவிட்டு, மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

உடுப்பு விஷயத்தில், ஆண்கள் வேட்டி கட்டிக்கொண்டால் எந்தத் தொல்லையும் இல்லை. அரைக்கால்சட்டை கூடாது. ரொம்பக் கனமான பட்டு வேண்டாம் என்பேன், ஹோமச் சூட்டில் வியர்த்துப்போகும். செருப்பை அறையிலேயே விட்டுவிட்டு நடந்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் கல்தரை காலைச் சுடும், அதனால் பெரியவர்களுக்கு ஒரு ஜோடி காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களைக் காற்றோட்டமான ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும், புகை நிஜமாகவே அதிகம்.

சடங்கு பிள்ளையார் பூஜையில் தொடங்கும். பிறகு கலசங்களை வைத்து ஆவாகனம், ஹோமம். எத்தனை கலசம் என்பது ஒவ்வொரு குடும்பமும் செய்திருக்கும் ஏற்பாட்டைப் பொறுத்தது. ஹோமம் முடிந்ததும் தம்பதியைப் பலகையில் உட்கார வைத்து அந்தக் கலச நீரால் அபிஷேகம் செய்வார்கள். மொத்த நிகழ்ச்சியிலும் இதைத்தான் தவறவிடக் கூடாது. பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள், பிறகு உறவினர், நண்பர்கள் என்று ஒவ்வொருவராக வந்து நீர் ஊற்றுவார்கள். உங்களையும் கூப்பிடுவார்கள், தயங்காமல் போங்கள். சின்ன வயதில் நம்மைக் குளிப்பாட்டிய கைகள் கூப்பியிருக்க, அவர்கள் தலையில் நாம் நீர் ஊற்றும்போது கண் கலங்காத பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. கேமரா பிடிக்கிறவர்கள் முதல் சில குடங்களைப் படம் எடுத்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்துவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அபிஷேகம் முடிந்ததும் தரை முழுக்க ஈரம். எண்ணெயும் மஞ்சளும் கலந்து கல் வழுக்கும். வயதான தம்பதி ஈர உடுப்போடு எழுந்து நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். பெரிய துண்டு இரண்டும், உடுப்பு மாற்றப் போவதற்கு ஒரு சால்வையும் யார் கையிலாவது இருக்கட்டும். வீட்டுக்காரர்கள் பதற்றத்தில் மறப்பது இதைத்தான்.

மாற்றுடுப்பு உடுத்தி வந்ததும் மாலை மாற்றுதல், மாங்கல்யதாரணம். அப்புறம் மாலையோடு சன்னதிகளுக்குப் போவார்கள். தம்பதியின் காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொள்ளுங்கள். அன்று ஊரில் அத்தனை பேரும் வாங்குவார்கள், முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து விழுவார்கள்.

என்ன கொடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். வேட்டி புடவையாக வைத்துக் கொடுப்பது மரபு. நெருங்கிய சொந்தம் என்றால் நாச்சியார்கோயில் குத்துவிளக்கு கொடுக்கலாம், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் செய்யும் சாமான் அது. பெரிய பெட்டியாக எதையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். திரும்பிப் போகும் வேனில் அவர்களுக்கு இடம் இருக்காது.

கோயிலைக் கோயிலாகப் பார்க்க

விசேஷ அவசரத்தில் கோயிலை யாரும் பார்ப்பதில்லை. ஹோமம் நீளும்போது அரை மணி நேரம் நழுவிப் போய்விட்டு வாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இது அட்டவீரட்டானங்களில், அதாவது சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களில் ஒன்று. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. மூலவர் அமிர்தகடேசுவரர் மேற்குப் பார்த்தவர், அபிராமி அம்மன் கிழக்குப் பார்த்தவள். பாற்கடலில் எடுத்த அமுதக் குடத்தைத் தேவர்கள் இங்கே இறக்கி வைத்ததாகவும், தன்னை வணங்க மறந்ததற்காகப் பிள்ளையார் அதை ஒளித்துவைத்ததாகவும் கதை. அந்தக் கள்ளவாரணப் பிள்ளையாருக்குத் தனிச் சன்னதி உண்டு. குழந்தைகளைக் கூட்டிப்போய்த் துதிக்கையில் இருக்கும் குடத்தைக் காட்டுங்கள், கதையைத் தாங்களே கேட்பார்கள்.

அடுத்து காலசம்கார மூர்த்தி. தெற்குப் பார்த்து நிற்கும் செப்புத் திருமேனி. காலடியில் யமன். பதினாறு வயது முடியும் நாளில் லிங்கத்தைக் கட்டிக்கொண்ட மார்க்கண்டேயர் மேல் யமன் பாசக்கயிற்றை வீச, அது லிங்கத்தின் மேலும் விழுந்ததாம். அந்தக் கயிற்றின் தழும்பு லிங்கத்தில் இருப்பதாகச் சொல்லி, அபிஷேக நேரத்தில் காட்டுவார்கள். கல்யாணக் கூட்டம் நேராக அம்மனிடமும் சுவாமியிடமும் போய்விட்டு, இவரை அவசரமாகக் கடந்துவிடுகிறது. இந்த ஊரில் மணிவிழா நடப்பதற்கே காரணமானவர் இவர். நின்று பார்க்க வேண்டும்.

அம்மன் சன்னதியில் அபிராமி பட்டரை நினைக்காமல் இருக்க முடியாது. தஞ்சை மன்னர் சரபோஜி வந்த தை அமாவாசை அன்று, தியானத்தில் இருந்த பட்டர் திதியைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். அந்தாதி பாடத் தொடங்கி 79-ஆவது பாட்டுக்கு வந்தபோது, அம்மன் தன் தோட்டைக் கழற்றி வானில் வீச நிலவாக எழுந்தது என்பது ஊரின் உயிர்க்கதை. தை அமாவாசை இரவில் இன்றும் அதை விழாவாக நடத்துகிறார்கள்.

சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளித் திருக்கடவூர் மயானம் என்ற இன்னொரு பாடல் பெற்ற தலம் இருக்கிறது. அமிர்தகடேசுவரர் அபிஷேகத்துக்கு அங்குள்ள கிணற்றிலிருந்துதான் நீர் வரும். கூட்டமே இருக்காது. காலை மேளச் சத்தத்தில் தலை வலிக்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் இடம் அதுதான்.

கோயில் மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தரிசனம் பார்க்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள்.

இலையில் உட்காரும்போது

இது காவிரிப் படுகை. சமையல்காரர் நல்லவராக அமைந்துவிட்டால் இரண்டு வேளையும் விருந்துதான். ஆனால் முழுக்க ருசிக்க ஒரு ஒழுங்கு வேண்டும்.

காலை டிபனில் இட்லி, பொங்கல், வடை எல்லாம் எந்த ஊரிலும் கிடைக்கும். ஓரத்தில் பழுப்பும் சிவப்புமாக நெய் மினுங்க ஒரு கரண்டி இனிப்பு வைத்தால் அது அசோகா. பாசிப்பருப்பை வேகவைத்து, கோதுமை மாவு, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிளறுவது. திருவையாறு இதற்குப் பேர்போனது, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் அடிக்கடி வரும். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள். ஆறினால் பாதி ருசி போய்விடும்.

இட்லிக்குக் கடப்பா போட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் மசாலாவும் சேர்ந்த கும்பகோணத்துச் சரக்கு இது. குருமாவும் இல்லை, சாம்பாரும் இல்லை. கல்யாணத்தில் கிடைக்கவில்லை என்றால் மயிலாடுதுறை ஓட்டல்களில் கேட்டுப் பாருங்கள். எல்லா நாளும் போட மாட்டார்கள்.

மதிய இலையில் நான் காத்திருப்பது ரசவாங்கிக்காக. கத்திரிக்காயும் பருப்பும், வறுத்து அரைத்த தேங்காய் மசாலாவும் சேர்ந்த தஞ்சாவூர்க் கறிவகை. வாழைப்பூ உசிலியும் மோர்க்குழம்பும் சேர்ந்து வந்தால் சாம்பாரைக் குறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போங்கள். முதல் சாதத்தைப் பருப்பு நெய்யோடு கொஞ்சமாக முடித்து, ரசத்துக்கு இடம் விடுங்கள். டெல்டாக்காரர்கள் ஒரு சமையல்காரரை எடை போடுவது ரசத்தில்தான். பாயசத்தை இலையிலேயே ஊற்றச் சொல்லி அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவதில் கூச்சமே வேண்டாம், பக்கத்து இலையிலும் அதுதான் நடக்கும். கடைசியில் மோர் சாதம். வெளியே வந்தால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு இருக்கும். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையாக இருந்தால் இரண்டு கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் முதலில் தம்பதியும் வயதானவர்களும் உட்காரட்டும். காலையிலிருந்து வெறும் வயிற்றில் இருப்பவர்கள் அவர்கள்.

மதியம் மூன்று மணிக்கு மேல்: தரங்கம்பாடி

எல்லோரும் வேனில் ஏறும் நேரத்தில் நீங்கள் ஒரு குட்டித்தூக்கம் போடுங்கள். மூன்று மணிக்கு எழுந்து தெற்கே கிளம்புங்கள்.

வழியில் தில்லையாடி. தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, விடுதலையான சில நாட்களிலேயே 1914 பிப்ரவரி 22-இல் தன் 16-ஆவது வயதில் இறந்த வள்ளியம்மையின் பூர்விக ஊர். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். காந்தி 1915-இல் இந்த ஊருக்கே வந்து போனார். நினைவு மண்டபம் இருக்கிறது. பத்து நிமிடம் போதும், ஆனால் இறங்காமல் போகாதீர்கள். கல்லூரி போகும் பேத்திகள் கூட வந்தால் அவர்களைக் கட்டாயம் இறக்குங்கள்.

அதே பக்கத்தில் அனந்தமங்கலம். ராஜகோபாலப் பெருமாள் கோயில். மூன்று கண்ணும் பத்துக் கையுமாக இருக்கும் ஆஞ்சநேயரைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். மாலை நடை திறந்திருந்தால் போகலாம்.

சரி, தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க்காரர்கள் இங்கே வந்தார்கள். ஓவே கியேடே என்ற கடற்படைத் தளபதி அவர்களை வழிநடத்தி வந்தவர். அவர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து அப்படியே நிற்கிறது. கீழே கிடங்குகளும் சிறையும், மேலே ஆளுநர் குடியிருந்த அறைகளும். உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். 1845-இல் ஊரை ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போகும்வரை, இரண்டு நூற்றாண்டுக்கும் மேல், இது டேனியர்களின் ஊர். கோட்டை மாலையில் மூடிவிடும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் இருக்கும். அறை விடுதியிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கோட்டையைப் பார்த்துவிட்டு நேராகக் கடலுக்கு ஓடிவிடாமல் ராஜ வீதியில் நடந்து போங்கள். 1792-இல் கட்டிய நகர வாசலிலிருந்து கடற்கரை வரை ஒரே தெரு. 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம், எதிர்ச் சாரியில் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். இரண்டாவதைக் கட்டியவர் சீகன்பால்க். 1706-இல் ஜெர்மனியிலிருந்து வந்து, தமிழ் படித்து, அச்சகம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். 1719-இல் இறந்து இந்த ஆலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். தமிழ் அச்சு வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் இந்தத் தெருவில் நின்று நின்றுதான் போவார்கள்.

கடற்கரையின் வடக்கோரத்தில் மாசிலாமணி நாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கற்களைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். சாயங்கால வெயில் மேற்கிலிருந்து கோட்டைச் சுவரில் விழும் ஐந்தரை மணிதான் படம் எடுக்க நல்ல நேரம். கடலில் கால் நனையுங்கள், குளிக்க இறங்காதீர்கள். 2004 சுனாமியில் நிறையப் பேரை இழந்த ஊர் இது. மீனவர்கள் வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மீன் எப்போது, எங்கே

மணிவிழா நடக்கும் அன்று குடும்பத்தில் பெரும்பாலும் கவிச்சி சேர்க்க மாட்டார்கள். நெருங்கிய சொந்தம் என்றால் மீன் ஆசையை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள், அலுவலகத் தோழர்கள் என்றால் தரங்கம்பாடியிலேயே அன்று சாயங்காலம் பொரித்த மீன் சாப்பிடலாம். வயிறு முட்ட மீன் சாப்பாடு வேண்டும் என்றால் மறுநாள் மதியம் பொறையாறு அல்லது காரைக்கால் போவது நல்லது.

கடையில் உட்கார்ந்ததும் "வஞ்சிரம் இருக்கா?" என்று கேட்காதீர்கள், "இன்னைக்குக் காலையில என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள். கிழங்கானோ மத்தியோ வந்திருந்தால் அதுதான் அன்றைய ருசி. வைகாசி, ஆனியில் கோலா மீன் வரும். கோலாக் குழம்பும் புட்டும் இந்தக் கரையோரத்துக்கே உரிய சுகம். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகில் வரும் மீன்தான் புதுசு. விலை கூடுதலாக இருக்கும், வகை குறைவாக இருக்கும்.

இன்னொரு நாள் இருந்தால்

ஒரே ஒரு திசையைத் தேர்ந்தெடுங்கள். கார் ஓட்டுநர்கள் "ஒரே நாள்ல ஒன்பது நவகிரகமும் காட்டிடலாம் சார்" என்பார்கள். காட்டிவிடுவார்கள்தான். ஆனால் பெரியவர்கள் பாதி வழியில் தளர்ந்து, ஒவ்வொரு வாசலிலும் "நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்" என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

வடக்கே போனால் கீழப்பெரும்பள்ளம், பூம்புகார், திருவெண்காடு என்று வரிசையாக வரும். கீழப்பெரும்பள்ளத்தில் கேது, சின்னக் கோயில். பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தைப் பாருங்கள், இத்தனை பெரிய நதியா இவ்வளவு மெலிந்து போய்ச் சேர்கிறது என்று மனம் கனக்கும். 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கண்ணகி கதை முழுக்கக் கற்சிற்பங்களாக இருக்கிறது. வெயிலேறும் முன் போய்விட வேண்டும். பக்கத்தில் பல்லவனேசுவரத்தில் அகழ்ந்தெடுத்த புத்த விகாரத்தின் அடித்தளம் உண்டு. அங்கே பெரும்பாலும் நீங்களும் ஆடுகளும் மட்டும்தான் இருப்பீர்கள்.

திருவெண்காட்டில் சூரியன், சந்திரன், அக்கினி என்று மூன்று குளங்கள், புதன் சன்னதி, அகோர மூர்த்தி. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் தலைப்பாகையும், காளைமேல் சாய்ந்த மாதிரி வைத்த கையுமாக நிற்கும் இடபவாகன தேவர் செப்புச்சிலை இந்த ஊரில் கிடைத்ததுதான். சோழர் காலச் சிலைகளில் எனக்கு அதற்கு மேல் ஒன்று இல்லை. நேரம் மிஞ்சினால் வைத்தீசுவரன்கோயில். அங்கே நாடி சோதிடம் பார்க்க உட்கார்ந்தால் அந்த நாள் அதிலேயே போய்விடும். கல்யாணத்துக்கு வந்த பயணத்தில் வேண்டாம் என்பது என் கருத்து.

தெற்கே போனால் காரைக்கால், திருநள்ளாறு, நாகூர். சனிக்கிழமையில் திருநள்ளாறு பக்கம் போகாதீர்கள், வேண்டுதல் இருந்தால் தவிர. காரைக்காலில் அம்மையார் கோயில் சின்னதுதான். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாங்கனித் திருவிழா அன்று வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள், தெருவே கை நீட்டி நிற்கும். உங்கள் விசேஷம் அந்தப் பௌர்ணமியை ஒட்டி வந்தால் ஒரு நாள் கூடத் தங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். நாகூர் தர்காவில் ஐந்து மினாராக்கள். உயரமானதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். சாயங்காலம் போவதுதான் சரி, அப்போதுதான் வாடா கிடைக்கும். அரிசி மாவைத் தட்டி, வெங்காயம் வைத்து, மேலே ஒரு இறால் பதித்து எண்ணெயில் பொரிப்பது. சூடாக இரண்டு சாப்பிட்டு, நாகூர் அல்வாவும் தம்ரூட் என்ற இனிப்பும் கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

மேற்கே மயிலாடுதுறை. "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது" என்பது பழைய சொல். மாயூரநாதர் கோயில், பரிமள ரங்கநாதர், காவிரியில் துலாக்கட்டம். ஐப்பசி முழுக்க இங்கே நீராடுவார்கள். கூறைப்புடவைக்குப் பேர்போன கூறைநாடு இந்த நகரத்தின் ஒரு பகுதிதான். தறிகள் இன்று மிகக் குறைந்துவிட்டன. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது என்றால் கோயிலும் ஒரு காபியுமாக முடித்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது

சென்னைக்குச் சாலை வழியாகப் போகிறவர்கள் சிதம்பரத்தில் நிறுத்துவார்கள். அதற்குத் திருக்கடையூரில் காலை எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும். சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். நடராசர் சன்னதி மதியம் சாத்திவிட்டால் மாலை வரை காத்திருக்க நேரும். கொத்சை மறக்காதீர்கள். கத்திரிக்காயைப் புளியும் மிளகாய் மல்லியும் சேர்த்து மசித்துச் செய்யும் சிதம்பரம் கொத்சு, கோயிலில் சம்பா சாதத்துக்குத் துணை, ஊர் ஓட்டல்களில் இட்லிக்குத் துணை. பத்தரை மணிக்கு மேல் போனால் பல இடங்களில் தீர்ந்துபோயிருக்கும். அதனால் முதலில் டிபன், பிறகு தரிசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.